இருபத்துநான்காம் நகர்விலிருந்து



சென்ற மாதம் எனக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. போதகர் குடும்பங்களுக்கு இது புதியதன்று. குருமனையில் குடியேறும் நாளிலேயே, என்றோ ஒருநாள் அட்டைப்பெட்டிகளைத் தேடி அலைய வேண்டும் என்பதை அறிந்தே குடியேறுகிறோம். புத்தக அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தபோது, இறையியல் கல்லூரியில் நான் பயன்படுத்திய கிரேக்க இலக்கண நூலின் நடுவிலிருந்து நான்காக மடித்த ஒரு தாள் கீழே விழுந்தது. மஞ்சளேறி, மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. 1995ஆம் ஆண்டு கல்லூரி விளையாட்டு விழாவில் நான் ஆடிய ஒரு சதுரங்க ஆட்டத்தின் பதிவு அது. வெள்ளைக் காய்கள் எனக்கு. கறுப்பு, என்னைவிட இரண்டு ஆண்டுகள் மூத்த மாணவர் ஒருவருக்கு. 34 நகர்வுகள். தோற்றவன் நான்.

அந்த ஆட்டத்தை என் சபையார் பலரும் அறிவார்கள், பிரசங்கத்தின் வழியாக. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக, பணிசெய்த சபைகள் எல்லாவற்றிலும் ஒருமுறையேனும் அதை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறேன். வெற்றி என் கையில் இருந்தது, எதிராளிக்கு மீள வழியில்லை, ஒரே ஒரு கணம் கவனம் தப்பியது, ஆட்டம் போயிற்று. விழித்திருத்தலைக் குறித்துப் பேசும் நாள்களில் இது மிகவும் உதவியது. பிள்ளைகள் கண்களை அகல விரித்துக் கேட்பார்கள். சென்ற ஆண்டு வாலிபர் முகாமில் கூடச் சொன்னேன்.

தாளை விரித்தபின் மூன்று மாலைகள், பாதி கட்டிய பெட்டிகளின் நடுவே, ஒரு பலகையை வைத்துக்கொண்டு அந்த ஆட்டத்தை முதல் நகர்விலிருந்து மறுபடி நகர்த்திப் பார்த்தேன். நான் இவ்வளவு காலமும் சொல்லிவந்த ஆட்டம் அந்தத் தாளில் இல்லை.

சதுரங்கம் ஆடாதவர்களுக்காக ஒரு விளக்கம். போட்டிகளில் நகர்வுகளை எழுதுவது விருப்பத்திற்கு விடப்பட்ட காரியமன்று, விதி. இருவரும் தத்தம் தாளில், தம் நகர்வையும் எதிராளியின் நகர்வையும், ஆடிக்கொண்டிருக்கும்போதே எழுதிவர வேண்டும். பலகையின் ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் உண்டு. காயின் குறியையும் அது சென்று நிற்கும் கட்டத்தையும் எழுதினால் போதும். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1981 முதல் இந்த ஒரு முறையை மட்டுமே ஏற்கிறது. சமன் செய்துகொள்ளலாமா என்று ஒருவர் கேட்டால், அந்த நகர்வின் பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு சமக்குறி இடப்படும். ஆக, ஓர் ஆட்டத்திற்கு இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். வென்றவர் கையெழுத்தில் ஒன்று, தோற்றவர் கையெழுத்தில் ஒன்று. இரண்டிலும் இருப்பது ஒரே செய்தி. இப்படியொரு ஏற்பாடு நம் குடும்பச் சண்டைகளுக்கும் சபைக் கமிட்டிக் கூட்டங்களுக்கும் இருந்தால் எப்படியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. கூட்டக் குறிப்பேடு இருக்கிறதே என்பீர்கள். குறிப்பேடு எழுதுகிறவர் ஒருவர்தான்.

என் ஆட்டத்திற்கு வருகிறேன். அது ஸ்பானியத் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. ரூய் லோபஸ் தொடக்கம் என்றும் அதைச் சொல்வார்கள். ரூய் லோபஸ் 16ஆம் நூற்றாண்டின் ஸ்பானியக் குருவானவர். 1561இல் சதுரங்க ஆட்டத்தைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டவர். சபை வரலாற்றில் இந்த ஆட்டத்திற்கு எப்போதும் நல்ல பெயர் இருந்ததில்லை. 11ஆம் நூற்றாண்டில் கர்தினால் பீட்டர் தமியான், பயணத்தின் நடுவே சதுரங்கம் ஆடி இரவைக் கழித்த ஃபுளோரன்ஸ் ஆயர் ஒருவரைக் கடிந்துகொண்டு, அதைப் போப்பாண்டவருக்கே எழுதியனுப்பினார். எங்கள் கல்லூரியிலும் ஒரு பேராசிரியர், வேதத்தைத் தியானிக்கும் நேரத்தைச் சதுரங்கம் தின்றுவிடுகிறது என்பார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை.

மூன்றாம் நகர்வில் என் பிஷப் வெளியே வந்து கறுப்புக் குதிரையை நோக்கி நிற்கிறார். கறுப்புச் சிப்பாய்கள் அவரை விரட்டுகின்றன. ஆறாம் நகர்வில் அவர் பி-3 கட்டத்திற்குப் பின்வாங்குகிறார். அங்கிருந்து எஃப்-7 நோக்கி நீண்ட மூலைக்கோட்டில் அவருடைய பார்வை. நல்ல இடம் என்று நினைத்திருப்பேன். எட்டாம் நகர்வில், பலகையின் நடுவே காவலில்லாமல் நின்ற கறுப்புச் சிப்பாய் ஒன்றை என் ராணியால் வெட்டினேன். தாளில் அந்த நகர்வின் எழுத்துகள் மற்றவற்றைவிடப் பெரியவை. எனக்கு அது அகப்பட்ட லாபமாகத் தோன்றியிருக்க வேண்டும்.

உடனே ஒரு கறுப்புச் சிப்பாய் சி-5க்கு வந்து ராணியைத் தாக்குகிறது. ராணி டி-5க்குச் சென்று, ஒரே வீச்சில் எஃப்-7இல் செக்மேட்டையும் மூலையிலிருந்த யானையையும் மிரட்டுகிறாள். எதிராளி ஒரே காயை நகர்த்தி இரண்டையும் தடுத்துவிடுகிறார்: அவருடைய பிஷப் ஈ-6இல் வந்து நின்று என் ராணியையே தாக்குகிறது. நான் சி-6இல் செக் வைக்கிறேன். பிஷப் டி-7க்குப் பின்வாங்கி அதைத் தடுக்கிறது. என் ராணி மறுபடி டி-5க்குத் திரும்புகிறாள். பதினோராம் நகர்வில் அந்தச் சிப்பாய் இன்னும் ஒரு கட்டம் முன்னேறி சி-4இல் நிற்கிறது. அதோடு முடிந்தது. பி-3இல் நிற்கும் என் பிஷப்பிற்கு முன்னே வழியில்லை. பின்னே என் சொந்தச் சிப்பாய்களே வழியை அடைத்து நிற்கின்றன. இரண்டு சிப்பாய்களை ஈடாகப் பெற்றுக்கொண்டு ஒரு பிஷப்பை இழந்தேன்.

இதற்குச் சதுரங்க உலகில் நோவாவின் பேழைப் பொறி என்று பெயர். கறுப்புச் சிப்பாய்கள் பேழை போலச் சூழ்ந்து நிற்பதால் என்பார் சிலர். நோவாவின் காலத்தளவு பழமையான தந்திரம் என்பதால் என்பார் வேறு சிலர். 1929இல் புடாபெஸ்ட் போட்டியில் எண்ட்ரே ஸ்டைனர் என்ற தேர்ந்த ஆட்டக்காரரே காபாபிளாங்காவிடம் இதில் சிக்கினார். ஆகவே ஓர் இறையியல் மாணவன் சிக்கியதில் வியப்பில்லை. பேழைக்குள் அகப்பட்டது பிஷப் என்பதுதான் எனக்கு இப்போதும் சிரிப்பை வரவழைக்கிறது. ஆங்கிலேயர் அந்தக் காயைப் பேராயராகப் பார்த்தார்கள்; பிரெஞ்சுக்காரர் அதை விகடன் என்கிறார்கள்; ஜெர்மானியருக்கு அது ஓட்டக்காரன்; ரஷ்யருக்கு யானை. எங்கள் பேராயர் இதைப் படித்தால் பொறுத்துக்கொள்வாராக.

ராணியால் வெட்டுவதற்கு முன், பிஷப்பை டி-5க்கு நகர்த்தி யானையைத் தாக்கியிருக்க வேண்டும். யானை விலகியபின் பிஷப் சி-6இல் செக் வைத்து எதிர்ப் பிஷப்போடு மாற்றிக்கொள்ளப்பட்டிருக்கும். அதன்பின் அந்தச் சிப்பாயை நிதானமாக எடுத்திருக்கலாம். இதையெல்லாம் பின்னாளில் ஏதோ ஒரு நூலில் படித்தறிந்ததாகவே எண்ணியிருந்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என்னைத் திகைக்க வைத்தது இதுதான்: இந்தப் பதினோரு நகர்வுகள் என் நினைவில் இல்லவே இல்லை. பிரசங்கத்தில் நான் சொல்லிவந்த ஆட்டத்தில் இப்படியொரு பகுதியே கிடையாது. பொறியை நான் அறிவேன். அதில் நானே விழுந்தேன் என்பதை அறியேன்.

தாளைத் தொடர்ந்து வாசித்தால், பதினான்காம் நகர்விலிருந்து என் கையெழுத்து சாயத் தொடங்குகிறது. ஓரிடத்தில் எதிராளியின் நகர்வை என் கட்டத்தில் எழுதி அடித்திருக்கிறேன். இருபத்துநான்காம் நகர்வில் அவர் ஒரு குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்து இழக்கிறார். பெரிய பிழை. அந்த ஒரு நகர்வில் எல்லாம் தலைகீழாகிறது: இப்போது காய்கள் சமம், எனக்கு இரண்டு சிப்பாய்கள் அதிகம். என் எழுத்து மறுபடியும் நிமிர்ந்து பெரிதாகிறது. இருபத்தொன்பதாம் நகர்வின் பக்கத்தில், அடைப்புக்குள் ஒரு சமக்குறி. அவர் சமன் கேட்டிருக்கிறார், நான் மறுத்திருக்கிறேன். முப்பத்துமூன்றாம் நகர்வில், என் ராஜாவின் வரிசையைக் காத்துநின்ற யானையைக் கிளப்பி, இன்னுமொரு சிப்பாயை வெட்டினேன். அவருடைய யானை என் முதல் வரிசையில் இறங்கியது. ராஜாவுக்கு முன்னே என்னுடைய மூன்று சிப்பாய்களும் அசையாமல் நின்றன. மூச்சுவிட ஒரு சாளரமும் திறந்திருக்கவில்லை. செக்மேட்.

நான் கட்டிச்சொன்ன கதை பொய்யன்று. இருபத்துநான்காம் நகர்விலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினால் அது அப்படியே உண்மை. வெற்றி என் கையில் இருந்தது. கவனம் தப்பியது. ஆனால் ஆட்டம் முதல் நகர்வில் தொடங்கியது. அவர் என்னை நேர்மையாக ஒருமுறை வென்றார். ஒரு பிழையால் அந்த வெற்றியை எனக்குத் திருப்பித் தந்தார். பெருந்தன்மையோடு சமன் கேட்டார். அதன்பின் இரண்டாம் முறையும் வென்றார். அதிர்ஷ்டம் யாருக்கென்றால், பத்து நகர்வுகள் மட்டும் எனக்கு. நானோ இருபத்தைந்து ஆண்டுகள் அவரை அதிர்ஷ்டசாலியாக்கிப் பிரசங்கித்தேன்.

குருமனையின் முன்னறையில் உட்கார்ந்து நான் கேட்ட கதைகள் ஏராளம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, மாமியார் மருமகள் மனத்தாங்கல், பாடகர் குழுவில் யார் முன்வரிசை என்பது வரை. சொல்கிறவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் இருபத்துநான்காம் நகர்விலிருந்து தொடங்குகிறார்கள். அப்போதெல்லாம் நான் மெல்ல, "அதற்கு முன்னால் என்ன நடந்தது?" என்று கேட்பேன். கேட்கத் தெரிந்த எனக்கு, என்னிடமே கேட்கத் தோன்றவில்லை. நாத்தான் தீர்க்கதரிசி தாவீதினிடம் வேறொருவனின் கதையாகச் சொல்ல வேண்டியிருந்ததும் இதனால்தான் போலும்.

ஆகவே என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். சதுரங்கம் ஆடும் எவரும், எவ்வளவு எளிய ஆட்டக்காரராயினும், தம்முடைய ஆட்டங்களை எழுதி வைக்க வேண்டும். தோற்ற ஆட்டங்களையேனும் தம் கையாலேயே மறுபடி நகர்த்திப் பார்க்க வேண்டும். அதுவும், எந்தக் கணினி நிரலையும் திறப்பதற்கு முன்பாக.

எங்கள் ஆலயப் பணியாளரின் பேரன் ஒருவன், பன்னிரண்டு வயது, கைப்பேசியில் ஆடுகிறான். ஞாயிறு ஆராதனைக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கும் இடைப்பட்ட நேரத்தில் நான்கு ஆட்டங்கள் முடித்துவிடுவான். தோற்றவுடன் விரல் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிடுகிறது. "ஏன் தோற்றாய் தம்பி?" என்று கேட்டேன். திரையை என் பக்கம் திருப்பினான். அங்கே இரண்டு சிவப்புக் கேள்விக்குறிகள். "இதுதான் ஐயா பிளண்டர்" என்றான். ஏன் அந்த நகர்வைச் செய்தாய் என்றேன். அவனிடம் விடை இல்லை. அவனுடைய ஆட்டங்கள் எல்லாம் ஒரு நகர்வும் விடாமல் பதிவாகி இருக்கின்றன. என்னுடைய அந்த ஒற்றைத் தாளைவிட ஆயிரம் மடங்கு செல்வம் அவனிடம் உண்டு. அவன் அதில் ஒன்றையும் திறந்ததில்லை.

தேர்ந்த ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைப் படித்தால் போதாதா, நம்முடைய பிழைகளில் என்ன கிடைக்கும் என்று கேட்கிறவர்கள் உண்டு. நானும் அப்படி நினைத்தவன்தான். காபாபிளாங்காவின் ஆட்டங்கள் அழகானவை. அவற்றைப் பார்ப்பது வீண்போகாது. ஆனால் அவருடைய சோதனை என்னுடைய சோதனையன்று. காவலற்ற சிப்பாயைக் கண்டதும் என் கை நீள்கிறது: எட்டாம் நகர்விலும் நீண்டது, முப்பத்துமூன்றாம் நகர்விலும் நீண்டது. ஒரே தாளில் இரண்டு முறை, ஒரே மனிதன். இதை எனக்குச் சொல்லக்கூடிய நூல் உலகில் வேறு எங்கும் அச்சாகவில்லை. 1948இல் உலகச் சாம்பியனான மிகயில் போட்வின்னிக், ஆட்டக்காரன் தன் ஆட்டங்களைத் தானே ஆராய்ந்து, அந்த ஆராய்ச்சியைப் பிறர் குறைகாணும்படி வெளியிடவும் வேண்டும் என்று வலியுறுத்தியவர். பிறர் குறைகாணும்படி என்பதுதான் அதில் கடினமான பகுதி.

கணினியை நான் இகழவில்லை. மூன்று மாலைகளுக்குப் பிறகு அந்தப் பையனை அழைத்து, அவன் கைப்பேசியில் என் நகர்வுகளை ஒவ்வொன்றாக ஏற்றி, ஸ்டாக்ஃபிஷ் என்னும் நிரலிடம் தீர்ப்புக் கேட்டேன். மனிதரில் எவரும் அதனோடு மோதி வெல்ல இயலாது, கட்டணமும் கிடையாது. எட்டு, இருபத்துநான்கு, முப்பத்துமூன்று ஆகிய மூன்று இடங்களையும் அது ஒரு கணத்தில் காட்டிவிட்டது. எனக்கு மூன்று மாலைகள் ஆயின. ஆனால் இருபத்தொன்பதாம் நகர்வில் நான் சமனை மறுத்ததை அது குறைசொல்லவில்லை. ஆட்டத்தின் கணக்கில் மறுத்ததே சரி. நான் கணக்குப் பார்த்து மறுக்கவில்லை என்பது அதற்கு எப்படித் தெரியும்? அந்தச் சமக்குறியைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது மெதுவாக நினைவுக்கு வந்தது: மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள், என் வகுப்பு மாணவர்கள் என் தோளுக்குப் பின்னால். மூத்தவரை வீழ்த்துவதை அவர்கள் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். அடுத்த நான்கு நகர்வுகளையும் அவர்களுக்காகவே ஆடினேன்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் பதினான்காம் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் நினைவுகூரலாம். டிங் லிரன் ஐம்பத்தைந்தாம் நகர்வில் யானையை எஃப்-2இல் வைத்த அந்தக் கணமே, உலகெங்கும் திரைகளில் நிரல்கள் ஆட்டம் முடிந்தது என்று காட்டிவிட்டன. சதுரங்கம் சரியாகத் தெரியாத என் மனைவிக்கும் அது தெரிந்தது. பலகைக்கு முன் அமர்ந்திருந்த நம் குகேஷுக்கோ முதலில் தெரியவில்லை. வேறொரு நகர்வைச் செய்ய இருந்ததாகவும், பிறகே கண்டுகொண்டதாகவும் அவரே சொன்னார். திரையில் பார்த்த நாம் அவரைவிட விரைவாக அறிந்தோம். ஆனால் நாம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர் கண்டுபிடித்தார்.

எளியவர்கள் ஒரு பதிவை மறுபடி பார்ப்பதால் என்ன வரும் என்பதற்கு என் மனத்துக்கு நெருக்கமான கதை ஒன்றுண்டு. அதிலும் ஒரு குருவானவர் இருக்கிறார். 1875இல் லண்டனில் ஃபெண்டன், பாட்டர் என்னும் இருவர் ஆடிய ஆட்டம் சமனில் முடிந்தது. வெள்ளைக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும். கறுப்புக்கு ராஜாவும் ஒரு யானையும். வெள்ளை வென்றிருக்கலாம் என்று பின்னர் காட்டப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1895இல், கிளாஸ்கோ நகரின் வாரப் பத்திரிகை ஒன்றில் சதுரங்கப் பகுதி எழுதிவந்த பார்பியே என்பவர், அந்த ஆட்டத்தை நினைவிலிருந்து, சற்றே மாற்றி, புதிராக வெளியிட்டார். பிறகு அதில் கறுப்பு தப்பிக்க ஒரு நுட்பமான வழி இருப்பதையும் கண்டார்: சிப்பாய் எட்டாம் வரிசையை அடைந்து ராணியாகும், கறுப்பு தன் யானையைப் பலிகொடுக்கும், ராணி அதை வெட்டினால் கறுப்பு ராஜாவுக்கு நகர இடமில்லாமல் ஸ்டேல்மேட், அதாவது சமன். பார்பியே அதை அச்சிட்டார். வாசகர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அப்போது கிளாஸ்கோவில் ஃபெர்னாண்டோ சாவெட்ரா என்ற ஸ்பானியக் குருவானவர் இருந்தார். பெரிய ஆட்டக்காரர் அல்லர். போட்டிகளில் புகழ்பெற்றவரும் அல்லர். அவர் அந்த நிலையைத் தம் பலகையில் வைத்து நகர்த்திப் பார்த்து, எவரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: சிப்பாய் ஏன் ராணியாக வேண்டும்? யானையானால் போதுமே. யானை மூலைக்கோட்டில் பாயாது, ஆகவே கறுப்பு ராஜாவுக்கு ஒரு கட்டம் மிச்சமிருக்கும், ஸ்டேல்மேட் இல்லை. அடுத்து வெள்ளை செக்மேட்டை மிரட்டும். கறுப்பு யானை ஏ-4இல் வந்து காக்கும். வெள்ளை ராஜா ஒரு கட்டம் நகர்ந்து பி-3இல் நின்றால், அந்த யானையும் தாக்கப்படும், மறுபுறம் செக்மேட்டும் காத்திருக்கும். இரண்டையும் ஒருசேரக் காக்க முடியாது. இந்த ஒரு நகர்வுக்காகவே இன்றும் அந்த நிலை சாவெட்ரா நிலை என்று உலகெங்கும் அழைக்கப்படுகிறது. ஆடியவர் இருவரில் எவருடைய பெயருமில்லை, வெளியிட்டவர் பெயருமில்லை. இருபது ஆண்டுகள் முடிந்துபோனதாகக் கருதப்பட்ட ஓர் ஆட்டத்தை ஒரு மாலைநேரம் எடுத்துப் பார்த்த சிறிய ஆட்டக்காரரின் பெயர்.

இதைப் படிக்கிறவர்களில், இரவில் உறக்கமின்றி வாழ்க்கையை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறவர்களும் இருப்பீர்கள். நான் சொல்வது அதையன்று. கணவரை ஒரு மணிநேரம் முன்னதாக மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் என்று கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன ஒரு சகோதரியை நான் அறிவேன். அவர்கள் ஒவ்வொரு இரவும் ஆடுவது வேறொரு ஆட்டம். அதில் எதிராளியின் நகர்வுகளையும் அவர்களே ஆடுகிறார்கள், தமக்கு எதிராகவே. அதற்குப் பதிவு இல்லை. ஆகவே முடிவும் இல்லை. என் தாளில் முப்பத்துநான்காம் நகர்வுக்குக் கீழே வெறும் கோடுகள்தான் இருக்கின்றன. அறுபது நகர்வுகளுக்கு இடம் விட்டு அச்சிட்ட தாள் அது. அந்த வெற்றுக் கோடுகளைப் பார்த்தபோது எனக்கு வருத்தத்தைவிட ஆறுதலே மிகுதியாக இருந்தது. தவறிய இடங்கள் மூன்று. அவற்றை எண்ண முடிகிறது. பேதுரு மறுதலித்ததும் மூன்று முறைதான். அதை நான்கு சுவிசேஷங்களும் எழுதிவைத்திருக்கின்றன, கூட்டாமலும் குறைக்காமலும்.

அந்த மூத்த மாணவரை நாங்கள் அண்ணன் என்றே அழைப்போம். பிற்காலத்தில் ஒரு மலைச் சபையில் நெடுங்காலம் பணியாற்றி, ஆறு ஆண்டுகளுக்கு முன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எனக்கு உறுத்துவது ஒன்றுதான். பல ஆண்டுகளுக்கு முன் போதகர்களின் கூடுகை ஒன்றில் நான் இந்த எடுத்துக்காட்டைச் சொன்னபோது, அவர் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார். அவருடைய பெயரைச் சொல்லவில்லை. ஆயினும் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கூட்டம் முடிந்ததும் வந்து என் கையைப் பிடித்து, "தம்பி, நல்லா சொன்னீங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவரிடமும் ஒரு தாள் இருந்தது என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

சென்ற வாரம் அவருடைய மனைவிக்குத் தொலைபேசியில் பேசினேன். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "அவங்க எதையும் தூக்கிப் போட மாட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா" என்று சிரித்தார்கள் அக்கா. இரண்டு நாள்களில் மகள் வழியாக ஒரு புகைப்படம் வந்தது. அதே ஆட்டம், பச்சை மையில், சிறிய எழுத்துகளில். இருபத்துநான்காம் நகர்வின் பக்கத்தில், தம் குதிரைக்கு அவரே இட்ட கேள்விக்குறி. முப்பத்துமூன்றாம் நகர்வின் பக்கத்தில் ஒன்றுமில்லை. என் எட்டாம் நகர்வின் கீழே ஒரு கோடு, அதன் பக்கத்தில், "தம்பிக்கு இது தெரியாது. சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

சொல்லிக்கொடுத்தார். அதை வாசித்த பிறகுதான் நினைவு திரும்பியது: விடுதியின் பின்திண்ணை, மழை, அவருடைய மரப்பெட்டிப் பலகை. பேழைப் பொறியை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை.

வருகிற ஞாயிறு இந்தச் சபையில் என் கடைசிப் பிரசங்கம். அந்த ஆட்டத்தை இன்னொரு முறை சொல்லப்போகிறேன், முதல் நகர்விலிருந்து. நேற்று மாலை பணியாளரின் பேரன் வந்திருந்தான். பெட்டிகள் ஏறக்குறையக் கட்டியாகிவிட்டன. பலகையை மட்டும் இன்னும் உள்ளே வைக்கவில்லை. கைப்பேசியைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு, சென்ற ஞாயிறு தான் தோற்ற ஆட்டம் ஒன்றை நோட்டுப் புத்தகத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தான். பன்னிரண்டாம் நகர்வு வந்ததும் நிறுத்தி, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா, இங்க நான் அவன் காயைப் பார்க்கவே இல்ல" என்றான்.